மகாலின் பெயருக்கு ஐந்து வாளி

திராமுவுக்குப் பாடத் தெரியாது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். எங்கள் கிணற்றடியில் பாடத் தெரியாத மருமகள், சமைக்கத் தெரியாத மருமகளைவிட மோசம். சமைக்காவிட்டால் வீட்டில் இருக்கும் பாலைக் குடித்துவிட்டு நான்கு வார்த்தை திட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். பாடாவிட்டால் மாடு தண்ணீருக்கு இறங்காது. மாடு குடிக்காத வீட்டில் பால் எங்கிருந்து வரும்?

போரானா மேய்ச்சல் காட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கிணறு பனை உயரத்துக்குக் கீழே போகும். உள்சுவரில் செருகிய மரக்கட்டைகளில் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக நிற்போம். அந்த ஆள் வரிசைக்குப் பெயர்தான் ஏணி. அடியில் தண்ணீரில் நிற்பவள் தோல் வாளியை மொண்டு மேலே எறிவாள். கைக்குக் கை அது ஏறும், காலி வாளி இறங்கும். கண்ணால் பார்த்துப் பிடிக்க நேரமில்லை, பாட்டைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். அடியில் நிற்பவள் ஒரு மாட்டின் பெயரைச் சொல்லி, அதைப் பற்றி ஒரு வரி பாடுவாள். ஏணி மொத்தமும் “வா, வந்து குடி” என்று பதில் சொல்லும். அந்தப் பதிலோடுதான் வாளி எழும்பும். பதில் இல்லையென்றால் கை எழும்பாது.

வீட்டுக்கு ஒரு மெட்டு உண்டு. மேலே மந்தை மந்தையாகப் புழுதியில் நிற்கும் மாடுகளில், தன் வீட்டு மெட்டைக் கேட்ட மந்தை மட்டும் சரிவில் இறங்கி மண் தொட்டிக்கு வரும். மற்றவை காதை ஆட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் மாடுகளுக்கு இருக்கும் ஒழுங்கு எங்கள் ஆம்பிளைகளுக்கு இருந்திருந்தால் நாங்கள் எப்போதோ முன்னுக்கு வந்திருப்போம்.

திராமு மோலுவைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் அவளை அடியில் இறக்கினார்கள். நான் அவளுக்கு மேல் கட்டை. வாயைத் திறந்தாள். புருஷன் வீட்டு மாடுகளின் பெயர்கள் வந்தன, ஆனால் மெட்டு அவள் அப்பன் வீட்டு மெட்டு! பிறந்ததிலிருந்து கேட்ட மெட்டு, பயத்தில் அதுதானே வரும்? அவள் அப்பன் வீட்டு மந்தைக்கு மத்தியானத்துக்கு மேல்தான் முறை. அது கடைசியில் எங்கோ படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. மெட்டு காதில் விழுந்ததும் அத்தனையும் எழுந்து சரிவில் ஓடி வந்துவிட்டன. மோலுவின் மாடுகள் ஒன்றும் புரியாமல் மேலேயே நின்றன. தொட்டிக்கரையில் இருந்த எங்கள் ஊர் வாயாடி ஜாத்தானியின் வேட்டி ஒரு கொம்பில் மாட்டிக்கொண்டு போயே போய்விட்டது.

“ஏ மோலு! நீ பொண்ண மட்டுந்தான் கட்டிட்டு வந்தேன்னு நெனச்சேன். இவ உன் மாமனார் மாட்டையும் சேத்துல்ல ஓட்டிட்டு வந்துட்டா!” என்று இடுப்பைக் கையால் மறைத்துக்கொண்டு கத்தினான் ஜாத்தானி. சிரித்த சிரிப்பில் எங்கள் கையிலிருந்து வாளி தவறி அவள் தலையிலேயே கொட்டியது. அவள் சிரிக்கவில்லை. தண்ணீரில் நின்றபடி அழுதாள்.

அதற்கப்புறம் பால் கறக்கும் நேரமெல்லாம் மோலு அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வீட்டு மெட்டைப் பாடினான் என்று கேள்விப்பட்டோம். அடுத்த மழைக்குள் அவள் அதைப் பிடித்துவிட்டாள். குரல் ஒன்றும் தேன் இல்லை, கொஞ்சம் கரகரப்புதான். ஆனால் அவளுக்குக் கண் இருந்தது. மற்றவர்கள் பாட்டன் காலத்து வரிகளையே பாடுவார்கள், நீளக்கொம்பு, வெள்ளைக்கால் என்று. இவள் ஒவ்வொரு மாட்டையும் உற்றுப் பார்த்து வரி கட்டினாள். “மகாலே, மாமியார் கறந்தால் மடி நிறையத் தருபவளே, மருமகள் கை பட்டால் கல்லாகிப் போகிறவளே” என்று அவள் பாடியபோது ஏணி குலுங்கியது. மேலே மாமியாருக்கும் கேட்டது. அந்த அம்மாள் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. மோலு வீட்டு முறை எப்போது வரும், இன்றைக்கு யார் யாருக்கு என்ன வரி கட்டியிருக்கிறாள் என்று நாங்கள் காத்திருக்க ஆரம்பித்தோம். வேலை செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கை போய்க்கொண்டிருக்கும்.

மாமியார் போய்ச் சேர்ந்தாள். இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவதாக ஜிலோ பிறந்தாள், தங்கினாள். அவ்வளவுதான் திராமுவின் வாழ்க்கையில் நடந்த நல்லது. அதையும் கெடுக்க வானம் வந்தது.

முதல் மழை பொய்த்தபோது பேசிக்கொண்டோம். இரண்டாவதும் பொய்த்தபோது பேச்சை நிறுத்தினோம். கறவை இல்லாத மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆண்கள் தூரத்துக்குப் போனார்கள். மோலு அங்கே காய்ச்சலில் செத்தான். கூடப் போனவர்களில் இரண்டு பேர் மிஞ்சிய மாடுகளோடு அவனுடைய கோலையும் எடுத்துவந்து திராமுவின் கையில் கொடுத்தார்கள். அவள் கோலைப் பார்த்தாள். பிறகு, “மாடு எது எது திரும்பி வந்திருக்கு?” என்று கேட்டாள்.

கல்நெஞ்சக்காரி என்று இரண்டு பேர் என் காதுபடச் சொன்னார்கள். நான் அவர்களுக்குத் தக்க பதில் கொடுத்தேன், அதை இங்கே எழுத முடியாது. மறுநாள் அவள் முறை. செத்த மாட்டின் பெயரைப் பாட்டிலிருந்து எடுத்துவிட்டுத்தான் அடியில் இறங்க வேண்டும். இருப்பதை மட்டும் பாட வேண்டும், அதுதான் கிணற்றின் சட்டம். புருஷனுக்கு அழ ஆயுள் முழுக்கக் கிடக்கிறது. மாடு எது இருக்கிறது, எது போனது என்று தெரியாமல் அவள் என்னத்தைப் பாடுவாள்?

அப்புறம் ஒவ்வொரு முறைக்கும் ஒரு பெயர் குறைந்தது. எல்லார் வீட்டிலும் அப்படித்தான். நல்ல காலத்தில் சூரியன் உச்சிக்கு வரும்வரை நீளும் பாட்டுகள், வாளி நனைவதற்குள் முடிந்தன. தண்ணீரோ கீழே கீழே போனது. ஏணிக்கு ஆள் அதிகம் தேவைப்பட்டது, இருந்த ஆளோ குறைவு. மற்ற ஆண்கள் இன்னும் தூரத்து மேய்ச்சலில்தான். பெண்கள், கிழவர்கள், கால் ஊனமாகிப்போன ஜாத்தானி, இவ்வளவுதான் நாங்கள். முறைக்காரர் ஹலாக்கே ஒரு கட்டுப்பாடு வைத்தார். எந்த மந்தை எப்போது குடிப்பது என்று தீர்மானிப்பவர் அவர்தான், கிணற்றடியில் அவர் வைத்ததே சட்டம். “ஒரு பேருக்கு அஞ்சு வாளி. அதுக்கு மேல ஒரு சொட்டு கெடையாது. ராத்திரியில ஊறுறத வச்சுத்தான் நாம பொழைக்கணும்” என்றார்.

“சமாதானமா?” என்றுதான் எங்களிடம் நலம் விசாரிப்பார்கள். யார் கேட்டாலும் “சமாதானம்தான்” என்று சொல்லிக்கொண்டோம். எங்கள் ஊரில் வீடு எரிந்தாலும் பதில் அதுதான்.

திராமுவிடம் கடைசியில் இரண்டு மாடுகள் நின்றன, மகாலும் டாலேயும். பிறகு மகாலும் விழுந்தாள். டாலேதான் மிச்சம். டாலே ஈன்ற கன்று செத்துவிட்டது. ஆனாலும் ஜிலோவின் கையைக் கன்றாக நினைத்து நக்கிக்கொண்டே டாலே ஒரு குவளைப் பால் கொடுத்தாள். அந்தக் குவளைதான் ஜிலோவின் உயிர். டாலே இன்னொரு விதத்திலும் கடைசி. ஒரு வீட்டின் பாட்டில் உயிருள்ள பெயர் ஒன்றாவது இருக்கும்வரைதான் அந்தப் பாட்டு திறந்திருக்கும். அதுவும் போனால் பாட்டை மூடுவார்கள். பாட்டு மூடின வீட்டுக்குக் கிணற்றில் முறை கிடையாது. மழை திரும்பும்போது குலம் கூடி ஆளுக்கொரு கிடாரி கொடுத்து மாடிழந்தவர்களைத் தூக்கிவிடும் வழக்கம் எங்களுக்கு உண்டு. ஆனால் பாட்டு மூடின வீட்டுக்கு அதுவும் கிடையாது. கொடுத்த மாடு எந்தப் பாட்டைக் கேட்டு இறங்கும்? அப்படிப்பட்டவர்கள் மொயாலே நகரத்துக்குப் போகும் தார்ச்சாலை ஓரத்து நிவாரண முகாமுக்குப் போவார்கள். பிளாஸ்டிக் தாள் போர்த்திய குடிசை, அளந்து போடும் சோளமாவு. போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

மகால் விழுந்தபின் வந்த முறை நாளில் திராமு வீடு முதலாவது. அடியில் அவள், மேலே நான். டாலேயின் பெயரைப் பாடினாள். பதில் சொன்னோம். ஐந்து வாளி போயிற்று. மேலே டாலே தொட்டியை நக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. காலித் தொட்டியைத்தான் நக்கிக்கொண்டிருந்தாள்.

அடியிலிருந்து திராமுவின் குரல் வந்தது. “மகாலே, மருமகள் கை பட்டால் கல்லாகிப் போகிறவளே…”

நான் குனிந்து பார்த்தேன். அவள் நிமிரவில்லை. வாளி நிறைந்து அவள் கையில் இருந்தது. மகால் செத்துப்போனது ஏணியில் எல்லோருக்கும் தெரியும். எங்களில் பாதிப் பேர் அந்த மாட்டை இழுத்துப்போடக் கை கொடுத்தவர்கள். ஆனாலும் யார் தொடங்கினார்களோ தெரியாது, “வா, வந்து குடி” என்று ஏணி மொத்தமும் சொல்லிவிட்டது. வாளி எழும்பிவிட்டது. மகாலின் பெயருக்கு ஐந்து வாளி டாலேயின் வயிற்றுக்குப் போயிற்று.

தொட்டிக்கரையில் நின்ற ஹலாக்கேவுக்கு ஊரில் உள்ள அத்தனை மாட்டின் வம்சமும் தெரியும். அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

அடுத்தது எங்கள் வீடு. மேலே ஏறும்போது திராமு என்னிடம், “அக்கா, இந்த ஒரு தடவதான். ஜிலோ நேத்து எந்திரிக்கவே இல்ல” என்றாள்.

நான் இறங்கி உயிரோடிருந்த ஐந்தையும் பாடினேன். பிறகு செத்த குர்ரேயையும் பாடினேன். பாடாமல்? எனக்கென்ன, வயிறு இரும்பாலா செய்திருக்கிறது? ஏணி பதில் சொன்னது. எனக்கு அடுத்தவள் செத்த மூன்றைப் பாடினாள். அவளுக்கு அடுத்தவள் செத்ததை எல்லாம் பாடினாள். யார் வீட்டில்தான் சாவு இல்லை? பாட்டுகள் நல்ல காலத்து நீளத்துக்கு வளர்ந்தன. எத்தனையோ நாள் கேட்காத பெயர்கள்! கொழுத்த மாடுகள், திமில் சாய்ந்த காளைகள், இரண்டு வீட்டுக்குப் பால் தந்த கிழப்பசுக்கள், எல்லாம் அன்று கிணற்றுக்குள் திரும்பி வந்தன. பாடிக்கொண்டே அழுதோம், அழுதுகொண்டே சிரித்தோம். எனக்குக் கை வலித்ததே தெரியவில்லை. கல்யாண வீடுபோல இருந்தது அன்று.

கடைசி முறை ஜாத்தானியினுடையது. அவன் இறங்கியபோது வாளியில் சேறுதான் வந்தது.

“பரவால்ல, சேத்தையாவது தூக்கி விடுங்கடி. வீட்டுக்குச் சுவரு வச்சுக்கிறேன்” என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனிடம் இருந்த இரண்டு மாடுகளில் ஒன்று அன்று மாலையே விழுந்தது.

மூன்றாம் நாள் மறுபடி முறை வந்தது. எங்கள் வழக்கத்தில் ஒவ்வொரு தடவையும் வரிசை தலைகீழாகும். போன தடவை முதலில் குடித்தவர்கள் இந்தத் தடவை கடைசி. ஜாத்தானி முதல், திராமுவும் நானும் வால். ஜாத்தானி இறங்கினான். உயிரோடிருந்த ஒன்றைப் பாடினான். பிறகு செத்த அத்தனையும் பாடினான், அவன் அப்பன் காலத்தில் செத்ததைக்கூட விடவில்லை. யார் அவனை நிறுத்துவது? எந்த முகத்தோடு? பதில் சொன்னோம். அவனைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். அன்று யாரும் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தண்ணீர் தன் பாட்டு முடியும்வரை நிற்காது என்று பயந்து ஒவ்வொருத்தியும் அவசர அவசரமாகப் பாடினாள்.

திராமு இறங்கியபோது அவள் பாதம்கூட நனையவில்லை. தெரிந்தும் பாடினாள். “டாலே” என்றாள். “வா, வந்து குடி” என்றோம். சட்டம் தெரிந்த மாடு, தன் மெட்டைக் கேட்டதும் சரிவில் இறங்கி வந்தது. தொட்டியில் வாயை வைத்தது. கிணற்றின் பக்கம் தலையைத் திருப்பிக் காத்துக்கொண்டு நின்றது. கூப்பிட்டால் தண்ணீர் இருக்கும் என்பதுதானே அதற்குத் தெரிந்தது.

திராமு அடியில் மண்டியிட்டு உள்ளங்கையால் சேற்றை வழித்தாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. “இன்னும் கொஞ்சம் பொறுடி, இதோ, இதோ” என்று மாட்டிடம் கீழேயிருந்து பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு கை அளவு கலங்கல் வந்தது. அது மேலே போய்ச் சேர்வதற்குள் வாளியின் தோலே அதைக் குடித்துவிட்டது.

டாலேயால் சரிவில் திரும்ப ஏற முடியவில்லை. பாதியில் முன்கால் மடங்கியது. வாலைப் பிடித்துத் தூக்கினோம், வயிற்றுக்கடியில் கயிறு போட்டு இழுத்தோம். தூக்க எங்களுக்கு மட்டும் என்ன பலம் இருந்தது? ஜிலோ ஓடிவந்து தன் கையை டாலேயின் வாயருகே வைத்தாள். டாலே ஒரு தடவை நக்கினாள். அவ்வளவுதான். என் மாடுகளிலும் இரண்டு அடுத்தடுத்து விழுந்தன. மூன்று மிஞ்சின.

மறுநாள் ஹலாக்கே எல்லோரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டார். கோலைத் தரையில் படுக்க வைத்துவிட்டுப் பேசினார். “தப்பு எம்மேல. நான் வானத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். இனிமே நிக்க மாட்டேன். செத்த மாட்டோட பேருக்கு ஏணி வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா எல்லா வீட்டுப் பாட்டும் ஒண்ணா மூடிப்போவும்.” பிறகு திராமுவைப் பார்க்காமலே, “மோலு வீட்டுப் பாட்ட வர்ற முறையில மூடணும்” என்றார்.

திராமு எழுந்தாள். “மழை வரைக்கும் விட்டு வையுங்க பெரியப்பா. எனக்கு முறை வேணாம், தண்ணி வேணாம். பாட்டு மட்டும் தொறந்து கெடக்கட்டும். மழை வந்தா குலம் ஒரு கிடாரி தராமலா போயிரும்?”

“பாட்டு தொறந்து கெடந்தா முறையும் கெடக்கும் தாயி. உன் முறைத் தண்ணிய இப்ப அடுத்த வீட்டுக்கு விட்டாத்தான் அந்த மூணு மாடாவது தேறும்.”

அடுத்த வீடு என்பது நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. “எனக்கு அவ முறை வேணாம்” என்றேன்.

“உனக்கு வேணாம்னா எனக்குக் குடு” என்றான் ஜாத்தானி. “இவளுக்கு எரக்கப்பட்டு மொதல்ல பதில் சொன்னதுக்கு என் மாடு செத்துச்சு. நான் சொல்லிக் காட்டக் கூடாதா?”

“சொல்லிக் காட்டு. உன் அப்பன் காலத்து மாட்டுக்கெல்லாம் தண்ணி எறைச்சியே, அப்ப எங்க போச்சு உன் நாயம்?” என்றேன்.

திராமு அவனிடம், “சொல்லுங்கண்ணே. நீங்க சொல்றது சரிதான்” என்றாள்.

ஹலாக்கே கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். “பழைய வழக்கம் ஒண்ணு இருக்கு, அத மறைக்க மாட்டேன். மூடும்போது அடியில நிக்கிறவ எல்லாப் பேரையும் பாடுவா. ஏணி கையக் கட்டிக்கிட்டுச் சும்மா நிக்கணும். ஆனா ஏணியில ஒரு ஆள் விடாம அத்தனை பேரும் பதில் சொன்னா அந்தப் பாட்டு மூடாது. நானே தடுக்க முடியாது. அது உங்க இஷ்டம்.”

அந்த இரண்டு நாளும் திராமு வீடு வீடாகப் போனாள். ஜிலோவை முதுகில் கட்டிக்கொண்டு, ஏணியில் நிற்கும் ஒவ்வொருவர் வாசலிலும் நின்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. “எனக்குப் பதில் சொல்லுங்க” என்பதுதான். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. காப்பிக்கொட்டையை நெய்யில் வறுத்து உபசரிக்க வழியில்லாத வெட்கத்தில் குனிந்துகொண்டு, “பாப்போம் தாயி” என்றார்கள். ஜாத்தானி குடிசைக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை.

கடைசியாக என்னிடம் வந்தாள். “உன்கிட்ட நான் கேக்க வேண்டியதில்லக்கா” என்றாள்.

“வேண்டாம். புள்ளய இங்க விட்டுட்டுப் போ, முகம் வாடிக் கெடக்கு.”

“விட்டா? உன் மாடே காத்தைக் கறக்குது.”

உண்மைதான். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பார்கள். எங்களுக்குத் தனக்கே இல்லை.

முறை நாள் வந்தது. இரண்டு நாள் யாரும் தொடாததால் அடியில் முழங்கால் அளவுக்கு ஊறியிருந்தது. திராமு இறங்கினாள். கையில் வாளி இல்லை. நாங்கள் கட்டைகளில் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். மேலே ஹலாக்கே வாசல் போலத் தெரிந்த வெளிச்சத்தில் நின்று, “பாடு தாயி” என்றார்.

அவள் புதுப்பெண்ணாக வந்தபோது இருந்த முதல் மாட்டிலிருந்து தொடங்கினாள். பெயர், வரி. பிறகு பதில் வர வேண்டிய இடத்தில் நிறுத்தினாள்.

“வா, வந்து குடி” என்றேன்.

என் குரல் மட்டும் சுவரில் பட்டுத் திரும்பியது. நிமிர்ந்து பார்த்தேன். என் மேல் கட்டையில் நின்றவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேலே ஜாத்தானி வேட்டித் தலைப்பை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் தோள் குலுங்கியது.

அடுத்த பெயர். அதற்கும் நான் மட்டும். அதற்கடுத்ததும். “வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு பேருக்காவது சொல்லுங்களேன், பாவிங்களா!” என்று கத்தினேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அவர்களைக் குற்றம் சொல்லவும் எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு முறைக்கு முன் இரக்கப்பட்டு வாயைத் திறந்தோம், அதில்தான் கிணறு வற்றியது. டாலேயைக் கொன்றதும் அந்த இரக்கம்தான். ஒரு தடவை சூடுபட்ட வாய் மறுபடி எப்படித் திறக்கும்?

மாமியாரைக் கேலி செய்த வரி வந்தது. எப்போதும் சிரிக்கும் இடம். மகாலின் பெயருக்கும் நான் ஒருத்திதான் பதில் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது, ஆனாலும் விடவில்லை. மழைக்கு அப்புறம் ஒரு கிடாரி இந்த மெட்டைக் கேட்டுச் சரிவில் இறங்கி வருவதை மட்டும் நினைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் கத்தினேன். ஒரு ஆள் சொல்லும் பதிலுக்கு மதிப்பில்லை என்று எனக்குத் தெரியாதா என்ன?

கடைசியில் டாலே. வரி எதுவும் கட்டவில்லை. பெயரை மட்டும் சொன்னாள். நான் பதில் சொன்னேன். மேலே யாரோ விம்மினார்கள். அதுவும் பதில் இல்லை.

திராமு தண்ணீரில் நின்றபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “விடுக்கா” என்றாள். “தொண்டைய வச்சுக்க. அடுத்த முறை உன்னோடது.”

அவள் ஏணியில் எங்களைத் தாண்டித் தாண்டி மேலே ஏறினாள். தாண்டும்போது ஒவ்வொருவரும் அவள் தலையில் கை வைத்தார்கள். ஜாத்தானி அவள் கையைப் பிடித்து மேல் கட்டைக்குத் தூக்கிவிட்டான். மேலே ஜிலோ காலிப் பால் குவளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை முதுகில் கட்டிக்கொண்டு, மோலுவின் கோலையும் எடுத்துக்கொண்டு, தார்ச்சாலை இருக்கும் பக்கம் திராமு நடந்தாள் என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் அடியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

முழங்கால் தண்ணீர் ஒரு வாளிகூடக் குறையாமல் எங்கள் முறைக்கு நின்றது. மூன்று பெயர் பாடினேன். மூன்றுக்கும் ஏணி மொத்தமும் ஒரே குரலில் பதில் சொன்னது, ஜாத்தானியின் குரல் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது. திராமுவின் பங்கு வாளிகளையும் சேர்த்துத் தூக்கினார்கள். என் மாடுகள் அன்று வயிறு நிறையக் குடித்தன.